பழைய பிக்கப்பில் ‘டோர் அஜார்’ விளக்கு அணைய மாட்டேன் என்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருபது, இருபத்தைந்து வயதான பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு, ‘எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, இந்தக் கதவு விளக்குதான் உயிரை வாங்குது’ என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. ‘டோர் அஜார்’ என்பது, ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு. அவர்கள் கேட்டதும், நானே தலையைச் சொறிந்துகொண்டு கண்டுபிடித்ததும் இங்கே இருக்கின்றன. நான் மெக்கானிக் இல்லை. சனிக்கிழமைகளில் கையை அழுக்காக்கிக்கொள்கிறவன், அவ்வளவுதான்.

எந்த வண்டியை மனதில் வைத்து இந்தப் பதில்கள்?

முக்கியமாக 1997 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு எஃப்-150. அந்தத் தலைமுறை வண்டிகள் இன்னும் சாலையில் நிறைய ஓடுகின்றன, கேள்விகளும் அவற்றைப் பற்றித்தான் அதிகம் வருகின்றன. ஆனால் கதவின் லாட்ச்சிலேயே, அதாவது கதவைக் கவ்விப் பிடிக்கும் பாகத்திலேயே, சுவிட்ச் இருக்கும் எந்தப் பழைய பிக்கப்புக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். அதற்கும் முந்தைய வண்டிகளில் கதவுத் தூணில் ஒரு சின்னப் பித்தான் இருக்கும். அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறேன்.

‘டோர் சென்சார்’ என்கிறார்களே, அது என்ன? காந்தமா?

காந்தம் இல்லை. வீட்டுக் கதவில் திருட்டு அலாரத்துக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். இது சாதாரண சுவிட்ச். கதவைச் சாத்தும்போது லாட்ச்சுக்குள் இருக்கும் கொக்கி சுழன்று, தூணில் இருக்கும் இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்ளும். அந்த வளையத்துக்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். கொக்கி சுழலும்போது அதன் ஓரம் சுவிட்ச்சின் மூக்கை அழுத்தும், அல்லது விடுவிக்கும். அந்த ஒரு தகவலை வைத்துத்தான் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று வண்டி முடிவுசெய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, சுவிட்ச்சுக்குக் கதவைத் தெரியாது, கொக்கியைத்தான் தெரியும். கொக்கி முழுதாகச் சுழலவில்லை என்றால், கதவு எவ்வளவு கெட்டியாகச் சாத்தியிருந்தாலும் ‘திறந்திருக்கிறது’ என்றுதான் அது சொல்லும்.

கதவு உண்மையாகவே சரியாகச் சாத்தவில்லையோ?

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கார் கதவின் லாட்ச்சில் இரண்டு நிலைகள் உண்டு. முதல் ‘க்ளிக்’கில் பாதிப் பிடிப்பு, இரண்டாம் ‘க்ளிக்’கில் முழுப் பிடிப்பு. அமெரிக்காவின் 206-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதியே இந்த இரண்டு நிலைகளும் வேண்டும் என்று சொல்கிறது. சரியாகச் சாத்தாத கதவு ஓடும்போது படாரென்று திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பாதிப் பிடிப்பு. அந்த நிலையில் கதவு பார்க்க மூடியதுபோலவே இருக்கும்.

வெளியே நின்று கதவை உள்ளே தள்ளிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் அது பாதிப் பிடிப்பில் நிற்கிறது. பக்கத்துக் கதவோடு, வண்டியின் உடம்போடு ஓரம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியும். சீட் பெல்ட்டின் நாக்கு கதவிடுக்கில் மாட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

உள் விளக்கு அணையவே இல்லை. ஆனால் ‘டோர் அஜார்’ விளக்கு எரியவில்லை. இதுவும் அதே கோளாறா?

இல்லை. ஹெட்லைட் சுவிட்ச் பக்கத்தில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறதல்லவா, அதைக் கடைசி வரை திருப்பினால் உள் விளக்கு நிரந்தரமாக எரியும். வண்டியைத் துடைக்கும்போது துணி பட்டுத் திரும்பியிருக்கும், அல்லது பிள்ளைகளின் கைவேலையாக இருக்கும். ஒரு நண்பர் இதற்காகப் புது லாட்ச் வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தும் விட்டார். சக்கரத்தை ஒரு நூல் அளவு கீழே திருப்பினோம், அணைந்துவிட்டது. பெட்டியை ஒட்டித் திருப்பிக் கொடுக்கப் போனார்.

நாலு கதவுக்கும் சேர்த்து ஒரே விளக்கு. எந்தக் கதவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். தினமும் திறந்து மூடுவது ஓட்டுநர் கதவுதானே, அதுதான் தேய்ந்திருக்கும் என்று நேராக அதன் பாகத்தை வாங்கிவிடுகிறார்கள். ஊகம் நியாயமானதுதான். ஆனால் எப்போதும் பலிப்பதில்லை.

முதலில் சும்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து, நன்றாக அடித்துச் சாத்துங்கள். எந்தக் கதவைச் சாத்தும்போது விளக்கு ஒரு கணமாவது அணைந்து எரிகிறதோ அதன்மேல் சந்தேகம் வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு வெளிக் கைப்பிடியை மெல்லப் பாதி இழுத்து விடுவதும் சில சமயம் கொக்கியைக் கொஞ்சம் அசைத்துக் குட்டை வெளிப்படுத்தும்.

சூப்பர் கேப், அதாவது முன் சீட்டுக்குப் பின்னால் கூடுதல் இடமும் சின்னப் பின் கதவுகளும் உள்ள வண்டி என்றால் அந்தக் கதவுகளை மறக்காதீர்கள். அவை முன் கதவைத் திறந்த பிறகுதான் திறக்கும், பின்பக்கம் கீல் வைத்தவை, மேலே கூரையிலும் கீழே தரையிலுமாகப் பூட்டிக்கொள்பவை. 1997-இல் வந்தபோது பயணி பக்கம் மட்டும் ஒரு சின்னக் கதவு. 1999-இலிருந்து இரண்டு பக்கமும். ஆள் ஏறாத அந்தக் கதவு ஆறு மாதமாகத் திறக்கப்படாமலேகூடக் கிடக்கும். கீழ் லாட்ச்சில் மண்ணும் காய்ந்த இலையும் சேர்ந்து அடைத்திருக்கும். ‘நான் அந்தக் கதவைத் திறப்பதே இல்லையே, அது எப்படிக் கெடும்?’ என்று கேட்பவர்களுக்கு, திறக்காததால்தான் கெட்டது என்பதே பதில்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சோதிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. இந்தக் கோளாறில் இதைவிட உபயோகமான சோதனை வேறில்லை, நிதானமாகச் செய்யுங்கள்.

கதவைத் திறந்து, அதன் விளிம்பில் லாட்ச்சின் வாயைப் பாருங்கள். உள்ளே இங்கிலீஷ் ‘யு’ எழுத்தைப் படுக்க வைத்தாற்போல ஒரு கொக்கி தெரியும். ஒரு ஸ்க்ரூடிரைவரின் தண்டை, ஸ்ட்ரைக்கர் நுழைவதுபோலவே அதற்குள் நுழைத்துத் தள்ளுங்கள். ‘க்ளிக்’. இன்னும் தள்ளுங்கள். மறுபடி ‘க்ளிக்’. இப்போது கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் லாட்ச் மூடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

மற்ற கதவுகள் எல்லாம் சாத்தியிருக்க, விளக்கு இப்போது அணைந்தால் இந்தக் கதவின் சுவிட்ச் வேலை செய்கிறது. அப்படியானால் குறை, கதவு ஸ்ட்ரைக்கரில் சரியாகப் போய் உட்காராததில்தான். அணையவில்லை என்றால் அந்த ஸ்க்ரூடிரைவராலேயே கொக்கியை இன்னும் ஒரு மயிரிழை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது அணைந்து, விட்டால் எரிந்தால், கொக்கி கடைசி இம்மி தூரம் சுழலாமல் நிற்கிறது. அழுத்தினாலும் ஒன்றும் ஆகவில்லையா? சுவிட்ச், வயர், அல்லது வேறு கதவு.

முடித்ததும் கதவைச் சாத்துவதற்கு முன்பு கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஒருமுறை போன் வந்தது என்று பேசிக்கொண்டே கதவைத் தள்ளிவிட்டேன். மூடிய கொக்கி நேராக ஸ்ட்ரைக்கரில் போய் மோதி, ‘ணங்’ என்று கதவு திரும்பி வந்தது. ஸ்ட்ரைக்கரில் ஒரு தழும்பு, பெயின்ட்டில் ஒரு சில்லு. இரண்டும் நான் அந்த வண்டியை விற்கும்வரை இருந்தன.

சுவிட்ச் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். சுவிட்ச் கெடுவதைவிட, அதைச் சுற்றியுள்ள கிரீஸ் காய்ந்துபோவதுதான் நான் அதிகம் பார்த்தது. தொழிற்சாலையில் தடவிய கிரீஸ், இருபது வருஷத் தூசியோடு சேர்ந்து, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகிவிடும். கொக்கி சோம்பலாகச் சுழலும். சுவிட்ச்சின் சின்ன மூக்கும் அந்தப் பாகில் ஒட்டிக்கொண்டு, அழுந்திய இடத்திலேயே நின்றுவிடும்.

அதனால் முதல் மருந்து சுத்தம் செய்வது. இருக்கிற செலவிலேயே இதுதான் குறைச்சல்.

டபிள்யூடி-40 அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பெயரே, தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்த நாற்பதாவது கலவை என்பதன் சுருக்கம்தான். 1953-இல் சான் டியாகோவில் உருவானது. காய்ந்த கிரீஸைக் கரைக்கவும் ஈரத்தை விரட்டவும் அது கெட்டிக்காரன். ஆனால் நாள்பட நின்று வழவழப்புத் தரும் எண்ணெய் அல்ல. கரைத்துக் கழுவ அது, அதன்பின் நிலைத்து நிற்க வேறொன்று, என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

நான் செய்வது இப்படி. கதவுக்குக் கீழே பழைய துணி விரிப்பேன், பெயின்ட்டில் வழியாமல் லாட்ச்சைச் சுற்றியும் ஒரு துணி. டப்பாவோடு வரும் சிவப்புக் குழாயை மாட்டி, லாட்ச்சின் வாய்க்குள் நுழைத்து, மேலும் கீழும் உள்பக்கமுமாக நன்றாக நனையும்படி அடிப்பேன். ஓரத்தில் பட்டும் படாமலும் அடித்துவிட்டு, ‘அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல’ என்று சொல்லிப் பயனில்லை. கறுப்புத் தண்ணீர் வழிய வேண்டும். பத்து நிமிடம் ஊறவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் மூடி, கைப்பிடியால் திறந்து, மூடி, திறந்து, இருபது முப்பது தடவை. முதல் பத்துத் தடவை ‘க்ளக்’ என்று மந்தமாகக் கேட்கும் சத்தம், போகப்போக ‘டிக்’ என்று சுத்தமாகும். காது கொடுத்துக் கேளுங்கள், அது மாறும் இடம் தெரியும். திரும்ப ஒருமுறை அடித்து, அழுக்குத் தண்ணீரைத் துடைத்து எடுத்துவிடுவேன்.

அரை நாள் காயவிட்ட பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரே, இல்லாவிட்டால் சிலிகான் ஸ்ப்ரே, கொக்கியின்மேல் கொஞ்சமாக. இதில் தாராளம் வேண்டாம், அதிகமானால் அடுத்த தூசிக்கு நாமே பாய் விரித்ததாகிவிடும்.

இந்த ஸ்ப்ரேக்கள் தீப்பற்றக்கூடியவை. கராஜ் கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், பைலட் சுடர் எரியும் தண்ணீர் ஹீட்டரும் வேண்டாம்.

அடித்தேன், இரண்டு வாரம் நன்றாக இருந்தது. மறுபடியும் எரிகிறது.

அப்படியானால் வைத்தியம் சரி, அளவு போதவில்லை. இன்னொரு தடவை, இன்னும் பொறுமையாகக் கழுவுங்கள். இந்த முறை சுவிட்ச் இருக்கும் பக்கத்துக்கு எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரும் ஒரு சுற்று. இது காய்ந்ததும் மிச்சம் எதுவும் இல்லாமல் ஆவியாகிவிடும். அதற்குப் பிறகும் இரண்டு வாரத்தில் திரும்பினால் சுவிட்ச்சின் உள்தகடே தேய்ந்திருக்கலாம். அப்போது கதவைப் பிரிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

காலையில் எரிகிறது, மத்தியானம் தானாக அணைந்துவிடுகிறது. பேயா?

குளிர். கெட்டியான கிரீஸ் குளிரில் இறுகும், வெயிலில் இளகும். மிச்சிகனில் இருப்பவர்கள் இதை ஜனவரியில் கேட்கிறார்கள். டெக்சாஸில் எங்களுக்கு வருஷத்தில் நாலு நாள்தான் அந்தக் குளிர், ஆனால் அந்த நாலு நாளும் தவறாமல் வரும். சுத்தம் செய்தால் போய்விடும்.

மழை பெய்தால் மட்டும் எரிகிறது என்றால் அது வேறு கதை. கதவுக்குள் இறங்கும் தண்ணீர், சுவிட்ச்சின் வயர் வந்து மாட்டும் கனெக்டரில் போய் நிற்கிறது. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். ஒரு கம்பியால் குத்தி அடைப்பை எடுங்கள். குத்தியதும் அரைக் கோப்பைத் தண்ணீர் ஷூவில் கொட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பள்ளத்தில் விழும்போது மட்டும் விளக்கு மினுக்குகிறது.

இரண்டு இடங்கள். ஒன்று, கதவுக்கும் தூணுக்கும் நடுவே போகும் வயர். அது ஒரு ரப்பர் குழாய்க்குள் இருக்கும். ஒரு கதவு இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை திறந்து மூடியிருக்கும்! அத்தனை தடவையும் அந்த வயர் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. உள்ளே செம்பு அறுந்து, மேல் உறை மட்டும் முழுசாக இருப்பதும் உண்டு. விளக்கைப் பார்த்துக்கொண்டே அந்த ரப்பர் குழாயைப் பிசைந்து, வளைத்து, இழுத்துப் பாருங்கள். மினுக்கினால் அங்கேதான். ரப்பரைத் தூணிலிருந்து பிடுங்கி நகர்த்தி, ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்தால் அறுந்தது மட்டும் ரப்பர் பட்டை மாதிரி நீளும். வெட்டி, பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். வெறும் டேப் சுற்றினால் அடுத்த கோடையில் பிசின் உருகி வழியும்.

இன்னொன்று, கதவே ஆடுகிறது. கதவைப் பாதி திறந்து, கைப்பிடி பக்கத்து முனையை இரண்டு கையாலும் தூக்குங்கள். மேலும் கீழும் லொடலொடவென்று ஆடினால் கீலின் முளையும் (பின்) அதைச் சுற்றியிருக்கும் வளையமும் (புஷ்) தேய்ந்துவிட்டன. கதவு தன் எடையில் தொங்குகிறது, லாட்ச் ஸ்ட்ரைக்கருக்குக் கொஞ்சம் கீழே போய் மோதுகிறது. சாத்தும்போது கதவு லேசாக மேலே ஏறி உட்காருவதுபோல் தெரிவதும் இதன் அறிகுறிதான்.

ஸ்ட்ரைக்கரை நகர்த்திச் சரிசெய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதலில் அது இப்போது இருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு போடாமல் கழற்றியவர்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறார்கள். திருகைத் தளர்த்தி, உள்பக்கமாக ஒரு மில்லிமீட்டர், இறுக்கி, சாத்திப் பாருங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். கீல் தேய்ந்த கதவுக்கு ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்குவது, செருப்பு கடிக்கிறது என்று காலைச் செதுக்குகிற கதை. முதலில் கீல்.

ஒருவேளை ஓட்டும்போது கதவு திறந்துகொள்கிற அளவுக்குப் பிடிப்பு மோசமாக இருந்தால், அந்தக் கதவுப் பக்கம் யாரையும் உட்கார வைக்காதீர்கள், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவும் வேண்டாம்.

என் வண்டி அதைவிடப் பழசு. கதவுத் தூணில் ஒரு பித்தான் இருக்கிறது.

அதிர்ஷ்டசாலி நீங்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. கதவு மூடும்போது அந்தப் பித்தானை அழுத்துகிறது, திறந்தால் ஸ்பிரிங் வெளியே தள்ளுகிறது. விரலால் அழுத்துங்கள், விளக்கு அணைகிறதா? அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, கதவு அதை எட்டி அழுத்தவில்லை. பித்தான் தலையில் இருந்த ரப்பர் தொப்பி பிய்ந்து விழுந்திருக்கும், அல்லது கதவில் அது படும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் துண்டு போயிருக்கும். பழைய வண்டிகளில் இவை இரண்டும் மாயமாகிவிடும்.

இந்த வகையில் பலவற்றுக்கு ஒரே வயர்தான். எர்த் அதன் திருகு வழியாக வண்டியின் உடம்புக்குப் போகிறது. திருகைச் சுற்றித் துரு பிடித்தாலோ, மேலே பெயின்ட் அடித்தாலோ எர்த் அறுந்து, கதவைத் திறந்தாலும் விளக்கு எரியாது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டினால் முடிந்தது. கழற்றும்போது வயர் தூணுக்குள் நழுவி விழாமல் ஒரு துணிக்கிளிப்பைப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அதை மீன் பிடிப்பதுபோலத்தான் பிடிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

கதவு சுவிட்ச்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதை எட்டக் கதவுப் பேனலைக் கழற்ற வேண்டியிருந்தால், அடுத்த கேள்வியைப் பாருங்கள். மீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் இடத்தில், அதாவது ‘பீப்’ அடிக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு முனைகளையும் சுவிட்ச்சின் இரண்டு பின்களில் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மூடித் திறங்கள். ஒரு நிலையில் ‘பீப்’, மற்ற நிலையில் மௌனம் என்றிருந்தால் சுவிட்ச் நல்லது. எந்த நிலையில் ‘பீப்’ என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதை வைத்துக் குழம்பாதீர்கள். நிலை மாறும்போது மீட்டரும் மாற வேண்டும், அதுதான் கணக்கு. எப்போதும் ‘பீப்’ அல்லது எப்போதும் மௌனம் என்றால் சுவிட்ச் போய்விட்டது. ஓம்ஸில் பார்த்தால் நல்ல சுவிட்ச் மூடிய நிலையில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். நாற்பது, ஐம்பது என்று ஆடினால் உள்ளே கரி பிடித்திருக்கிறது.

மீட்டர் இல்லையா? கனெக்டரைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டைப் பாருங்கள். பிறகு கனெக்டரின் வண்டிப் பக்கத்து இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். இரண்டில் ஏதாவது ஒன்றில் விளக்கு அணைந்தால் வயர் நன்றாக இருக்கிறது, குறை சுவிட்ச்சில். இரண்டிலும் எரிந்தால் வயரில், அல்லது வேறு கதவில். இணைப்பதற்கு முன் அது கதவு சுவிட்ச்சின் கனெக்டர்தானா என்று இரண்டு தடவை பாருங்கள். பக்கத்திலேயே பவர் லாக் மோட்டாரின் கனெக்டரும் இருக்கும்.

கதவுப் பேனலைக் கழற்றுவது கஷ்டமா?

கஷ்டமில்லை, பயமாக இருக்கும். முதலில் ஜன்னல் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். கைப்பிடிக் குழிக்குள், சின்ன மூடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திருகுகளை எடுத்துவிட்டு, எஃப்-150-இல் பேனலை மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். எல்லாத் திருகையும் எடுத்துவிட்டோம் என்று நினைக்கும்போது இன்னும் ஒன்று பாக்கியிருக்கும். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், தேடுங்கள். பழைய பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும்.

பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். அதைக் குப்பை என்று எறிந்தவர்கள் அடுத்த மழையில் கால்விரிப்பைப் பிழிவார்கள். லாட்ச் கதவின் விளிம்பில் டார்க்ஸ் திருகுகளால் பிடித்திருக்கும். நட்சத்திரத் தலை. சரியான அளவு பிட்டைத் தட்டி உட்கார வைத்துத் திருப்புங்கள். அளவு குறைந்த பிட் தலையைச் சிதைத்துவிடும், அப்புறம் டிரில் எடுக்க வேண்டிவரும். கைப்பிடியிலிருந்து வரும் கம்பிகளைக் கழற்றும் முன் போனில் ஒரு படம். கதவுக்குள் இருக்கும் தகர விளிம்பு கத்தி மாதிரி, கையுறை போடுங்கள். இதை எழுதும் என் வலது மணிக்கட்டில் அதற்கு ஆதாரம் இருக்கிறது.

சுவிட்ச் மட்டும் வாங்கலாமா, லாட்ச்சையே மாற்ற வேண்டுமா?

இந்தத் தலைமுறை எஃப்-150-இல் சுவிட்ச் லாட்ச்சின்மேல் தனியாக மாட்டியிருக்கும் சின்னப் பாகம். தனியாகவே மாற்றலாம். பிந்தைய பல வண்டிகளில் இரண்டும் ஒன்றாகவே வரும். லாட்ச் நன்றாகக் கழுவிய பிறகும் தடுமாறினால் சேர்த்து மாற்றுவது நல்லது, எப்படியும் கதவைப் பிரித்தாயிற்று. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் வாங்கினால், பின் கதவிலோ பயணி பக்கத்திலோ இருந்து எடுத்த சுவிட்ச் கிடைக்கிறதா என்று பாருங்கள், தேய்மானம் குறைவாக இருக்கும். வாங்கும் முன் அங்கேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

விளக்கு எரிந்தால் எரியட்டும். பேட்டரி காலியாகுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள் விளக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 1 ஆம்பியர் இழுக்கின்றன என்று வையுங்கள். பேட்டரி 65 ஆம்பியர்-மணி. முழுக்கக் காலியாக 65 மணி நேரம். ஆனால் பாதி காலியானாலே பழைய பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்றத் திணறும். அதாவது முப்பது மணி நேரம் சொச்சம். வெள்ளி சாயங்காலம் நிறுத்திய வண்டி ஞாயிறு காலை கோயிலுக்குப் போக எழுந்திருக்காது.

அந்த எஃப்-150-இல் கொஞ்ச நேரத்தில் உள் விளக்கைத் தானாக அணைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் கதவு திறந்திருப்பதாக நினைக்கும் வண்டி முழுக்கத் தூங்கவும் செய்யாது. சந்தேகமாக இருந்தால் ஓர் இரவு நிறுத்தி, காலையில் பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 12.6 என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. சரிசெய்யும்வரை உள் விளக்கின் பல்பைக் கழற்றி வைப்பது நல்ல தற்காலிக ஏற்பாடு.

வயரையே வெட்டிவிட்டால்?

சில வண்டிகளில் வெட்டினால் அணையும், சிலவற்றில் இரண்டையும் இணைத்தால் அணையும். நான் வெட்டச் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியாது, சாவியை விட்டுவிட்டு இறங்கினால் மணி அடிக்காது, அலாரம் இருந்தால் அந்தக் கதவை அது காவல் காக்காது, குழந்தை கதவைச் சரியாகச் சாத்தாவிட்டாலும் தெரியாது. அத்தனையையும் விட்டுக்கொடுத்து மிச்சமாவது ஒரு சனிக்கிழமை மதியம். தொந்தரவு தாங்கவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். நாளைக்குத் திரும்ப மாட்டலாம்.

எல்லாச் சுவிட்ச்சும் நன்றாக இருக்கிறது, வயரும் நன்றாக இருக்கிறது. இன்னும் எரிகிறது!

இந்த எஃப்-150-இல் கதவு, வைப்பர், உள் விளக்கு எல்லாவற்றையும் ஜெம் என்ற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கிறது. அது ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டியோடு இருக்கும். முன் கண்ணாடியின் ஓரத்தில் கசியும் தண்ணீர் இறங்கி அதன்மேல் சொட்டுவது தெரிந்த கதை. கதவு விளக்கோடு கூடவே வைப்பர் தானாக ஆடுவது, ஃபோர்வீல் டிரைவ் விளக்கு கண்டபடி எரிவது என்று ஒட்டுறவில்லாத கோளாறுகள் ஒரே சமயத்தில் வந்தால் கதவை விட்டுவிட்டு அங்கே பாருங்கள். கால்விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தால் ஈரவாடையே சொல்லிவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பெட்டியை எடுத்துக் காயவைத்து, பின்களைச் சுத்தம் செய்து பார்க்கலாம். கசிவை அடைக்காமல் புதுப் பெட்டி வாங்கினால் அதுவும் நனையும்.

ரிமோட்டில் பூட்டினால் ஹாரன் இரண்டு தடவை சட்சட்டென்று அடிக்கிறது. அதுவும் இதனாலா?

ஆமாம். ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாக வண்டி நினைக்கிறது. சோதிக்கும்போது இது வசதி, டேஷ்போர்டை எட்டிப் பார்க்காமல் வெளியே நின்றே தெரிந்துகொள்ளலாம்.

கடையில் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது?

‘டோர் சென்சாரை மாத்துங்க’ என்று சொல்லாதீர்கள். மாற்றிவிடுவார்கள். ‘பயணி பக்கத்துப் பின்கதவு, கொக்கியை அழுத்திப் பிடித்தால் அணைகிறது, விட்டால் எரிகிறது’ என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். தேடுவதற்கான கூலி மிச்சம்.

எல்லாம் சரிசெய்துவிட்டேன். ‘டோர் அஜார்’ அணைந்துவிட்டது. ஆனால் கதவைச் சாத்திய பிறகும் உள் விளக்கு கொஞ்ச நேரம் எரிகிறதே?

அது அப்படித்தான். நீங்கள் சாவித் துளையைத் தேடட்டும் என்று அரை நிமிடம் போல எரிந்துவிட்டு அணையும். இத்தனை நாள் எப்போதும் எரிந்துகொண்டே இருந்ததால் நீங்கள் அதை மறந்திருப்பீர்கள்.